கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்க்கு வரும் நத்தைக்குத்தி நாரையின் அலகில் இடைவெளி எதற்கு? நத்தையை உடைக்கவா?

பாக்குவெட்டி மாதிரி நத்தையோட்டை நொறுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. தண்ணீருக்கடியில் மேல் அலகால் நத்தையை அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் கூரான நுனியை ஓட்டின் மூடிக்குள் நுழைத்து, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்துவிடும். பிறகு சதையை உருவி எடுக்கும். ஓடு பெரும்பாலும் உடையாது. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், இடைவெளி விழாத இளம் பறவையும் நத்தையைத் தின்றுவிடும்!

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கமுள்ள இந்தக் கண்மாய்கள், 1977-ல் அமைந்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் சேர்ந்தவை. மழையில் இவை நிரம்பினால், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நாரை கூடு கட்டும். 2 முதல் 4 முட்டை, சுமார் 25 நாள் அடை. ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். கொண்டுவந்த இரையைக் கூட்டில் கக்கி வைக்க, குஞ்சுகள் பொறுக்கித் தின்னும்.

கண்மாய் சீக்கிரம் வற்றினால்தான் சிக்கல். நத்தை சேற்றுக்குள் புதைந்துவிடும், குஞ்சுக்கு இரை போதாது. மரத்தடியில் தண்ணீர் இல்லையென்றால் பூனையும் கீரியும் ஏறிவிடும். தீபாவளிக்கு அந்த ஊர்க்காரர்கள் வெடி வெடிக்காததும் காரணத்தோடுதான்: அடைகாக்கும் பறவை மிரண்டு எழுந்தால், காக்காய்க்கு முட்டை.