பிஜேடி (BJD, உருண்டை மூட்டுகளால் கைகால் அசையும் பொம்மை) வாங்க ஆசை. உண்மையில் எவ்வளவு செலவாகும்? ரீகாஸ்ட் எனப்படும் நகல் பொம்மை வாங்கினால் ஏன் அவ்வளவு திட்டுகிறார்கள்?

பொம்மையின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 60 செ.மீ. உயரமுள்ள, ரெசின் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மை ஒன்று, நல்ல கொரிய, ஜப்பானிய நிறுவனங்களிடம் பெரும்பாலும் 500 முதல் 1000 டாலர் வரை போகும். 40 செ.மீ. அளவு என்றால் கொஞ்சம் குறையும். ஆனால் பல நேரம் அந்த விலைக்கு வீடு வந்து சேர்வது மொட்டைத் தலையும், வரையாத முகமும், உடுப்பில்லாத உடலும்தான். ஃபேஸ்-அப் என்று முகம் வரைந்து தர தனிக் கட்டணம். விக், கண்ணாடிக் கண், உடை, காலணி எல்லாம் தனித்தனி. தபால் செலவும் சுங்க வரியும் அப்புறம்.

முகத்தை நீங்களே வரையலாம். பாஸ்டல் பொடி, அக்ரிலிக் வண்ணம், மேலே அடிக்க மேட் ஸ்ப்ரே வேண்டும். கூடவே ஒரு தரமான ரெஸ்பிரேட்டர் முகமூடி. அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்ப்ரேயின் ஆவியும் ரெசினைத் தேய்க்கும்போது பறக்கும் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் அதற்குப் போதாது.

ஏன் இவ்வளவு விலை? ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் 1999இல் சூப்பர் டால்ஃபி என்ற பிஜேடி பொம்மையைக் கொண்டுவந்ததிலிருந்து செய்முறை பெரிதாக மாறவில்லை. சிற்பி ஒரு மூலத்தைச் செதுக்குவார். அதிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து ரெசின் ஊற்றுவார்கள். அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும், புதிதாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பையும் கையால் தேய்த்து, உள்ளே எலாஸ்டிக் கோத்து இழுத்துக் கட்டுவார்கள். ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது இங்கே சாதாரணம்.

ரீகாஸ்ட் செய்பவர் இப்படி உருவான பொம்மையில் ஒன்றை வாங்கி, அதிலிருந்தே அச்சு எடுத்து மிகக் குறைந்த விலைக்கு விற்கிறார். செதுக்கியவருக்கு ஒரு பைசா போகாது. இந்தத் துறையில் பல ஸ்டூடியோக்கள் ஓரிருவர் மட்டும் நடத்துபவை. அவர்கள் உழைப்பு இப்படித் திருடப்படுவதை என்னால் ஏற்க முடியாது. ரீகாஸ்ட் வாங்கவும் மாட்டேன்.

ஆனால் அதற்காக, ரீகாஸ்ட் வாங்கியவர்களை நடத்தும் விதம் எனக்கு வேதனை தருகிறது. பொம்மை ஆர்வலர்களின் ஒரு சந்திப்பில், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி ஆசையாகத் தன் பொம்மையை எடுத்து வைத்ததுமே, "அசல்னு சொல்ற சர்டிபிகேட் இருக்கா?" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவள் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நகல் எடுத்து விற்றவனை யாரும் அந்த அளவுக்குக் கேட்டதில்லை. தெரியாமல் வாங்கியவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் அடுத்த முறை அசலுக்குக் காசு சேர்ப்பார்.

யாரும் பேசாத அழுத்தம் ஒன்று உண்டு: வாங்கிக்கொண்டே இருக்க வைப்பது. லிமிடெட் பதிப்புக்கு ஆர்டர் சில நாள்தான் திறந்திருக்கும். வோக்ஸ் தன் லிமிடெட் பொம்மைகள் சிலவற்றை வாங்கும் வாய்ப்பையே குலுக்கலில்தான் தருகிறது. தவறவிட்டால் மறுவிற்பனையில் விலை எகிறிவிடும் என்ற பயத்திலேயே பலர் பணம் கட்டுகிறார்கள். ஒரு பொம்மையோடு நிறுத்தினால் "அடுத்தது எப்போ?" என்பார்கள். தவணை வசதி இருப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. ஒரே நேரத்தில் மூன்று பொம்மைகளுக்குத் தவணை கட்டித் திணறியவர்களை எனக்குத் தெரியும். பாதியில் நிறுத்தினால் முன்பணம் பெரும்பாலும் திரும்பாது. ஆர்டர் கொடுக்கும் முன் அந்த விதியை முழுதாகப் படியுங்கள்.

சரி, முதல் பொம்மைக்கு என் யோசனை: நல்ல பெயருள்ள ஒருவரிடம் அசலையே பழையதாக வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். வெயில் பட்ட ரெசின் மஞ்சளாகும், தலையும் உடலும் வேறு வேறு நிறத்தில் தெரியும். சான்றிதழ், விரல் நுனிகள், மூட்டு ஓரங்கள் எல்லாவற்றுக்கும் தனிப் படம் கேளுங்கள். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் கவலை வேண்டாம். அதை மாற்ற அதிகம் செலவாகாது, வீட்டிலேயே கோத்துக்கொள்ளலாம்.