அப்பா திடீரென்று இறந்துவிட்டார். கடைசி வருடப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா?

நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வியில் எழுதவில்லை என்றாலும், வீட்டில் மூத்தவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். பதினாறாம் நாள் முடிவதற்குள் யாராவது ஒரு மாமா தோளில் கை போட்டு, "இனி நீதாம்டே எல்லாம்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனவர் அதற்கப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அது நடந்தது 2017 ஆகஸ்டில். அப்பா திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் குட்டியானை லோடு வண்டி ஓட்டினார். புனலூருக்குக் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், டீ குடிக்க ஆலங்குளத்தில் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கவே இல்லை. வயது 47. நான் பாளையங்கோட்டையில் பி.காம். கடைசி வருடம், தங்கை பத்தாவது. அம்மா பேட்டையில் வீட்டிலிருந்தே பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வண்டிக்கு இன்னும் 22 டியூ பாக்கி.

துட்டிக்கு வந்த சித்தப்பா, "வண்டிய நான் ஓட்டிக்கிடுதேன், டியூவ நானே கட்டிக்கிடுதேன்" என்றார். நல்ல மனசு என்று சாவியைக் கொடுத்தோம். மூன்று டியூ கட்டினார். தை மாதம் ஃபைனான்ஸ்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தது அம்மா. சித்தப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவருக்கும் கஷ்டம் இருந்திருக்கும். ஆனால் பெயர் மாற்றாமல் ஒரு சைக்கிளைக்கூட யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

வண்டியை விற்று கடனை முடிக்கலாம் என்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் மனு கொடுத்தேன். அம்மா, நான், தங்கை, மூன்று பேர்தான் வாரிசு என்று நினைத்திருந்தேன். கிராம நிர்வாக அலுவலர்தான், "அப்பாவோட அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இந்து வாரிசுச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆச்சியும் சேர்ந்து சம்மதம் கொடுத்தால்தான் வண்டி கை மாறும். பேப்பரை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மைப்பெட்டியைத் திறந்து அவள் பெருவிரலைப் பிடித்தபோது, "எம்புள்ள செத்ததுக்கு நான் ரேக வைக்கணுமாலே" என்றாள். வைத்தாள். விரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள், மை போனபிறகும்.

விற்றுக் கடன் போக நாற்பதாயிரம் மிஞ்சியது. உண்மையில் எங்களைக் காப்பாற்றியது வேறொன்று. அப்பாவின் பேங்க் பாஸ்புக்கில் மே கடைசியில் 330 ரூபாய் பிடித்த ஒரு வரி இருந்தது. ஏதோ அபராதம் என்று விட்டிருப்பேன். நான் கணக்கு எழுதிய கமிஷன் கடை முதலாளிதான், "இது இன்சூரன்ஸ்டே" என்றார். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், 2015-ல் வந்தது. பேங்கில் எதற்கோ கையெழுத்துப் போடும்போது அப்பா இதிலும் போட்டிருக்கிறார், வீட்டில் யாருக்கும் தெரியாது. நாமினி அம்மா. இரண்டு லட்சம் வந்தது.

கமிஷன் கடை என்றேனா? விடிகாலை மூன்று மணி முதல் ஏழரை வரை சிட்டை எழுதுவேன், அப்புறம் காலேஜ். வகுப்பில் தூங்கியிருக்கிறேன், இரண்டு அரியர் வைத்தேன். ஆனாலும் "குடும்பத்தைத் தாங்கிய பிள்ளை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கூசும். 700 பீடியோடு சுளவைக் கீழே வைக்கும் அம்மா, அந்த வருடம் தினமும் ஆயிரம் சுற்றினாள். 25 பீடி ஒரு கட்டு, ஆக நாற்பது கட்டு. தங்கை பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கட்டுக் கட்டினாள். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்ததால் தங்கைக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தது. அம்மாவைப் பீடி சுற்றவிட்டுப் படித்தவன் என்று சிலர் நினைக்கலாம். அன்றைக்கே ஊரில் சொன்னார்கள். நான் படிப்பை விட்டிருந்தால் அவள் சுற்றுவதை நிறுத்தியிருப்பாளா? இரண்டு பேருமே கூலிக்குப் போயிருப்போம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். "இப்படி ஒரு பொறுப்பான பையன்" என்று கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிப் பேசுகிறவர்கள் யாரும், வீட்டில் பெண் இருந்தால் எனக்குக் கொடுக்க வரவில்லை. தங்கை கல்யாணக் கடன் இருக்கிறதாம், அம்மா கூடவே இருப்பாளாம். நான்கு ஜாதகம் இப்படித் திரும்பி வந்துவிட்டது. பொறுப்பு அடுத்த வீட்டுப் பையனிடம் இருந்தால்தான் அழகு போலிருக்கிறது. சரி, விடுங்கள்.

உங்கள் அப்பா மாதச் சம்பளக்காரர் என்றால் பி.எஃப். பணத்தோடு இறப்புக் காப்பீடும் உண்டு, அதிகபட்சம் 7 லட்சம் வரை. கம்பெனிக்காரர்கள் தாங்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள், கேளுங்கள். தமிழ்நாடு அரசு வேலையில் இருந்திருந்தால் கருணை அடிப்படை வேலைக்கு மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும். எங்களைப் போல என்றால், இன்று ராத்திரியே அவருடைய பாஸ்புக்கை எடுத்து மே மாத வரிகளைப் பாருங்கள். 330 இப்போது 436 ஆகிவிட்டது. விபத்தில் போயிருந்தால், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய் பிடித்த வரி ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் இறப்புச் சான்றிதழோடு காலையில் பேங்க் திறக்கும்போது போய் நில்லுங்கள்.