பாட்டோட அர்த்தத்த எழுதுனவர் முடிவு பண்றாரா, கேக்குறவங்களா?

என்னக் கேட்டா ரெண்டு பேருந்தான், ஆனா கடைசில கேக்குறவங்க கைக்குத்தான் போகுது. மதுரைலயே பாருங்க, "வாராரு வாராரு அழகர் வாராரு" 1999ல வந்த கள்ளழகர் படத்துப் பாட்டு, தேவா மியூசிக். இன்னைக்கு சித்திரைத் திருவிழால, மதுரைக்கு வர்ற அழகர்சாமிய எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவைக்கு தல்லாகுளம் பக்கம் நின்னீங்கன்னா மைக்செட்ல அந்தப் பாட்டுத்தான் ஓடும், அங்க யாருக்கும் படம் ஞாபகம் வராது, அழகர் மட்டுந்தான். இத யாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணல, வருஷா வருஷம் போட்டுப் போட்டு அப்படி ஆயிருச்சு.

எங்க அப்பத்தா அந்தப் படம் பாத்ததே இல்ல. சர்க்கரை நெரப்புன செம்புல சூடம் ஏத்தி கையில வச்சுக்கிட்டு, பாட்டு ஆரம்பிச்சதுமே அழ ஆரம்பிச்சிரும், சூடம் சுடுறதுகூடத் தெரியாது. அந்த அழுகை அந்தப் பாட்டோட அர்த்தம் இல்லன்னு எப்படிங்க சொல்ல முடியும்?

காப்பிரைட் வேற விஷயம், 1957 சட்டப்படி எழுதுனவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் உரிமை இருக்கு, இருக்கணும், அது அவங்க உழைப்பு. அவர் என்ன நெனச்சு எழுதுனாருன்னு தெரிஞ்சா நல்லதுதான், நானும் தேடிப் படிப்பேன். ஆனா அப்பத்தா போய்ச் சேந்ததுல இருந்து எனக்கு அந்தப் பாட்டு அழகர் பாட்டு மட்டும் இல்ல, சூடம் வாசம் வருது.