ஓராண்டு நர்சிங் டிப்ளமோவுக்கு நகையை அடகு வைக்கலாமா?

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், பக்கத்து ஊரில் ஒரு நிறுவனம் ஓராண்டு நர்சிங் டிப்ளமோவுக்கு 80,000 ரூபாய் கேட்கிறது, நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. வைக்க வேண்டாம்.

நர்ஸாகப் பதிவு பெற வேண்டுமானால் இரண்டு ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியர் டிப்ளமோ), நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டம் ஆகியவற்றில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் முடித்திருக்க வேண்டும். அப்போதுதான் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பெயர் ஏறும். ஓராண்டுச் சான்றிதழ் எவ்வளவு அழகான பெயரில் வந்தாலும் அந்தக் கதவு திறக்காது. படித்து முடித்த பிறகு உங்கள் மகளை உதவியாளராகத்தான் வேலைக்கு எடுப்பார்கள். அந்த உதவியாளர் பயிற்சி அரசுத் திட்டங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குப் போய் 80,000 ரூபாய் கடனா?

உதவியாளர் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நோயாளியைத் துடைத்துவிடுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, சாப்பாடு ஊட்டுவது, காய்ச்சலும் நாடித்துடிப்பும் பார்த்துக் குறித்துவைப்பது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, எல்லாம் இவர்கள் கையில்தான். ஒரு வார்டு ஒழுங்காக நடப்பதே இவர்களால். ஆனால் முன்பின் தெரியாத ஒரு முதியவரின் உடம்பைத் தயங்காமல் சுத்தம் செய்ய மகளுக்கு மனம் வருமா, இரவுப் பணி ஒத்துவருமா என்று அவளிடமே கேளுங்கள். இந்தப் பேச்சு பயிற்சியில் சேர்வதற்கு முன்பே வீட்டில் நடந்துவிட வேண்டும்.

இலவசப் பயிற்சியில் இதற்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்’ என்று பெயர். வீட்டோடு இருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ள ‘ஹோம் ஹெல்த் எய்ட்’ என்று தனிப் பயிற்சி உண்டு. 2015-ல் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா, கிராமப்புற ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாயா திட்டம், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் ஆகியவற்றில் விசாரியுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவிலும் கேளுங்கள். இவற்றில் பயிற்சிச் செலவை அரசு நேராக மையத்துக்கே தருகிறது. மையத்தில் உங்களிடம் பயிற்சிக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

இலவசம் என்றாலும் கைச்செலவு இருக்கிறது. பஸ், ஷூ, மதியச் சாப்பாடு, சம்பளம் வராத மாதங்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் மூன்று ஊசி. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ரத்தமும் ஊசியும் புழங்கும் வேலை என்பதால் பயிற்சியில் சேரும்போதே முதல் ஊசியைப் போட்டுவிடுவது நல்லது.

மையத்தைக் கண்ணால் பார்க்காமல் சேர்க்காதீர்கள். கட்டில், சக்கர நாற்காலி, பயிற்சிப் பொம்மை இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி தருகிறார்கள், போன முறை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு மையம் பாருங்கள்.

இதையும் தாண்டிப் படிக்க ஆசைப்பட்டால், கடன் வாங்கத் தகுந்த இடம் அதுதான். அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், ஈ.சி.ஜி. டெக்னீஷியன் என்று ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளும், லேப் டெக்னீஷியனுக்கான இரண்டு ஆண்டு டிப்ளமோவும் இருக்கின்றன. முடிந்தால் இரண்டு ஆண்டுப் படிப்பையே எடுக்கச் சொல்வேன். 2021-ல் வந்த மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்கான மத்தியச் சட்டம், குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு ஆண்டுக்குக் குறையாத படிப்பைத்தான் அளவாக வைத்திருக்கிறது. நர்ஸாகத்தான் வேண்டும் என்றால் ஜி.என்.எம். நல்ல வழி. அதை முடித்த பிறகு, ஜி.என்.எம். படித்தவர்களுக்கான இரண்டு ஆண்டு பட்டப் படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யும் படிக்கலாம். உதவியாளராக வேலை செய்த அனுபவத்தைக் காட்டி ஜி.என்.எம்.மில் நேராக இரண்டாம் ஆண்டு சேர முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. வயது வரம்பு 35 வரை இருக்கிறது.

அப்போதும் நகையைத் தொடும் முன் மற்ற வழிகளைப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசின் திறன் தகுதிக் கட்டமைப்புக்குள் வரும் படிப்புகளுக்கான கடன் உச்சவரம்பை 2024-ல் 1.5 லட்சத்திலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். வங்கியில் ‘மாடல் ஸ்கில் லோன்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அந்த நிறுவனத்துக்கு முன்பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எந்தக் குழுமத்தின் அங்கீகாரம் என்று எழுத்தில் கேளுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.