ரூட்டரில் அணைத்த சேவைகள் உண்மையிலேயே நின்றுவிட்டனவா?

கேள்வி: சிறிய தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் கணக்குகள் அனைத்தும் எங்கள் கணினிகளில்தான் உள்ளன. ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் டெல்நெட், எஃப்.டி.பி., யு.பி.என்.பி., ரிமோட் மேனேஜ்மென்ட் ஆகியவற்றை அணைத்துவிட்டேன். இணைப்புக் கொடுத்த டெக்னீஷியன் "அது போதும் சார்" என்கிறார். அவை நின்றுவிட்டதை நானே எப்படி உறுதி செய்துகொள்வது?
- வாசகர், புரசைவாக்கம், சென்னை

பதில்: அது போதாது. டெல்நெட் என்பது தொலைவிலிருந்து கருவிக்குக் கட்டளையிடும் முறை, எஃப்.டி.பி. கோப்புகளைப் பரிமாறும் முறை, யு.பி.என்.பி. உள்ளிருக்கும் கருவிகள் ரூட்டரில் தாமாகவே வழி திறந்துகொள்ள உதவுவது. செட்டிங்ஸ் பக்கம் காட்டுவது நீங்கள் விரும்பிய நிலையைத்தான். சில ரூட்டர்களில் ரீஸ்டார்ட் செய்த பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும். சிலவற்றில் இணையத்தை நோக்கிய பக்கம் மட்டும் மூடப்பட்டு, அலுவலகத்தின் உள்ளிருந்து அதே சேவை திறந்தே கிடக்கும். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், டெல்நெட் திறந்திருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப்பிடித்து, தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லைக் கொண்டே உள்ளே நுழைந்தது. பிறருடைய கணக்குகளைக் காக்கும் பொறுப்பில் இருக்கும் நீங்கள் இதை நேரில் சோதித்துப் பார்க்க நினைப்பது மிகவும் சரி.

ரூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, என்மேப் என்ற இலவச மென்பொருளை அலுவலகக் கணினி ஒன்றில் நிறுவி, ரூட்டரின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) ஸ்கேன் செய்யுங்கள், அதாவது எந்தெந்த போர்ட்கள் (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருக்கின்றன என்று பாருங்கள். வழக்கமான ஸ்கேன் அதிகம் பயன்படும் 1,000 டி.சி.பி. போர்ட்களை மட்டுமே பார்க்கும் என்பதால், 1 முதல் 65535 வரை அனைத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 21 எஃப்.டி.பி.க்கும் 23 டெல்நெட்டுக்கும் உரியவை. இவை 'ஓப்பன்' என்று வந்தால் சேவை இன்னும் ஓடுகிறது என்று பொருள். 53, 80, 443 ஆகியவை உள்ளிருந்து திறந்திருப்பது இயல்பு. இணையதளப் பெயர்களைத் தேடுவதும் செட்டிங்ஸ் பக்கமும் அவற்றின் வழியாகவே நடக்கின்றன. யு.பி.என்.பி., கருவிகளைத் தேடுவது யு.டி.பி. (டி.சி.பி.யைப் போன்ற இன்னொரு தரவுப் பரிமாற்ற முறை) 1900-இல் என்பதால் அதற்கு யு.டி.பி. ஸ்கேன் தனியாக வேண்டும். அதில் பதிலே வராத போர்ட்டை மென்பொருள் 'ஓப்பன் அல்லது ஃபில்டர்டு' (திறந்திருக்கிறது அல்லது தடுக்கப்பட்டிருக்கிறது) என்று காட்டும். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அடுத்தது வெளியிலிருந்து செய்யும் சோதனை. பலர் தவறான முடிவுக்கு வருவது இங்கேதான். ஒரு லேப்டாப்பை அலுவலக வைஃபையிலிருந்து விலக்கி, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அலுவலகத்தின் இணைய முகவரியை ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்கு முன் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது நீங்கள் வெளியிலிருந்து ஸ்கேன் செய்வது உங்கள் ரூட்டரை அன்று, அந்த நிறுவனத்தின் கருவியை. 'எல்லாம் மூடியிருக்கிறது' என்று வரும் முடிவு உங்கள் ரூட்டரைப் பற்றி எதையும் சொல்லாது. பிறருடைய கருவியை அனுமதியின்றி ஸ்கேன் செய்வதும் முறையன்று. ஆனால் அதே இணைப்பில் ஐ.பி.வி.6 என்ற புதிய வகை இணைய முகவரியும் இருந்தால், அதற்கு இந்தப் பகிர்வு கிடையாது. ரூட்டரின் ஃபயர்வால் தடுக்காவிட்டால் உலகின் எந்த மூலையிலிருந்தும் அது நேரடியாக எட்டும். எனவே ஐ.பி.வி.6 முகவரியைத் தனியாகச் சோதிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஹாட்ஸ்பாட்டிலும் ஐ.பி.வி.6 கிடைத்தால்தான் அந்தச் சோதனை செல்லும்.

நீங்கள் குறிப்பிடாத இரண்டையும் சொல்லியாக வேண்டும். டபிள்யூ.பி.எஸ். பின் (PIN) முறையை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்து வைஃபையில் இணையும் வசதியை, அணைத்துவிடுங்கள். அந்த எட்டு இலக்க எண்ணை இரு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-இலேயே வெளிப்பட்டது. மற்றொன்று, 7547 என்ற போர்ட். இணைய நிறுவனங்கள் தொலைவிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் டி.ஆர்.-069 முறைக்கு உரியது அது. ரூட்டர் நிறுவனம் கொடுத்ததாக இருந்தால் அதை நீங்களாக அணைக்க வேண்டாம், பராமரிப்பு தடைபடலாம். தங்கள் சர்வரிலிருந்து மட்டுமே அதை அணுக முடியும்படி கட்டுப்படுத்தியிருக்கிறார்களா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்கி வையுங்கள். அவர்கள் ஃபர்ம்வேரை (ரூட்டரை இயக்கும் உள்மென்பொருளை) புதுப்பிக்கும்போதும், ரூட்டரை ரீசெட் செய்யும்போதும் பழைய செட்டிங்ஸ் திரும்பிவிடக்கூடும் என்பதால், அன்றே இரண்டு ஸ்கேன்களையும் மீண்டும் நடத்துங்கள்.