எதையும் வெட்டாத கத்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: விக்கா என்ற மேலைநாட்டுச் சமயத்தின் அடிப்படை விதி 'யாருக்கும் தீங்கு செய்யாதே' என்பதுதான் என்று படித்தேன். ஆனால் அச்சமயத்தைச் சேர்ந்த சிலர் தங்களைப் போர்வீரர் என்றும், தங்கள் வழியை வீரர் பாதை என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். தீங்கு செய்யாதவருக்குப் போர்வீரர் என்ற பெயர் எதற்கு? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அந்த விதியின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் முரணாகத்தான் தோன்றும். டோரீன் வாலியன்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி 1964இல் வெளிப்படையாக எடுத்துரைத்த வடிவத்தில் அது ஆங்கிலத்தில் எட்டே சொற்களைக் கொண்டது: யாருக்கும் தீங்கு நேராதென்றால், உன் திட்பப்படி செய். இங்கே நான் திட்பம் என்று எழுதுவதை இஷ்டம் என்று படித்துவிடக் கூடாது. நினைத்த நேரத்தில் நினைத்ததைச் செய்வது இஷ்டம். ஆசை, அச்சம், சினம், நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஏக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்த பிறகும் நெஞ்சில் எது அசையாமல் நிற்கிறதோ அதுவே திட்பம். 'யாருக்கும்' என்பதில் தானும் அடங்குவதால், தன்னையே சிதைத்துக்கொள்ளும் பழக்கமும் அந்த விதியை மீறுவதாகும். இன்னின்னது செய்யலாம், இன்னின்னது ஆகாது என்ற பட்டியல் எதையும் தராமல் முழுப் பொறுப்பையும் மனிதரின் தோளிலேயே ஏற்றிவிடுவதால், ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் அவர் தம்மோடு தாமே போராடித் தீர வேண்டியிருக்கிறது. வீரர் என்ற சொல்லுக்கு அங்கேதான் வேலை.

கெர் குஹுலைன் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டில் இப்பாதையைப் பற்றி நூல் எழுதியவர், கனடாவின் வான்கூவர் நகரக் காவல்துறையில் பணியாற்றியவர். வீரர் என்பவர் சண்டைக்கு அலைகிறவர் அல்லர், தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கிறவர் என்பது அவர் கொள்கை. இடுப்பில் ஆயுதம் இருந்தும் அதன்மேல் கை போகாமல் காக்க வேண்டிய பணியில் இருந்த ஒருவர் இப்படிச் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு என்று கருதுகிறேன்.

கேள்வி: விக்கா வழிபாட்டில் வாளும் கத்தியும் இருக்கின்றனவாமே? உயிர்ப்பலி உண்டா? இதுவும் ஒருவகைச் சூனியம்தானே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உயிர்ப்பலி இல்லை. ஆயுதங்கள் உண்டு. அவை வந்த வழி சுவையானது. விக்காவை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர், 1900இல் பதினாறு வயதுச் சிறுவனாக இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். பிற்காலத்தில் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தபோது அம்மக்களின் கிரிஸ் கத்தியில் மனம் தோய்ந்து, 1936இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இங்கிலாந்தில் மாந்திரீகத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும், 1954இல் தம் சமயத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதத் தொடங்கினார். ஆயுதங்களை இவ்வளவு நேசித்த ஒருவர் வளர்த்த வழிபாட்டில் நடுவிடம் பெற்ற கத்தி, எதையும் வெட்டக் கூடாத கத்தி என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கறுப்புப் பிடி கொண்ட அந்தக் கத்தியை 'அதமே' என்று அழைக்கிறார்கள். வழிபாட்டு வட்டத்தின் எல்லையைக் காற்றில் வரையவும், சிதறிக் கிடக்கும் மனத்தை ஒரு முனைக்குக் கொண்டுவரவும் மட்டுமே அதைக் கையில் எடுப்பது மரபு. மூலிகை நறுக்கவும் மெழுகுவத்தியில் குறி செதுக்கவும் வெள்ளைப் பிடி போட்ட வேறொரு கத்தி இருக்கிறது.

கார்ட்னர் மரபில், தீட்சை பெற வருபவர் கண்கள் கட்டப்பட்டு வட்டத்தின் விளிம்பில் நிற்க, அவர் மார்பில் கூர்முனை வைக்கப்படும். நெஞ்சில் அச்சத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வருவதைவிட இம்முனையில் பாய்ந்து மடிவது மேல் என்று அவரிடம் சொல்வார்கள். அவர் சொல்ல வேண்டிய மறுமொழி, முழுமையான அன்பும் முழுமையான நம்பிக்கையும் என்பது. இச்சடங்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த ஒரு கணத்திலேயே நின்றுவிடுகிறது. பகைவர் எவரும் இல்லாத இடத்தில் வாள் உருவப்பட்டிருக்கிறது, அதன் முன்னால் நிற்பது அவருடைய சொந்த அச்சம்.

சூனியம் என்ற நம் சொல்லில் அடுத்தவருக்குக் கேடு வைப்பது என்ற பொருள் ஊறிப்போயிருக்கிறது. செய்தது எதுவாயினும் மும்மடங்காகச் செய்தவரிடமே திரும்பும் என்று நம்புவோர் நிறைந்த ஒரு சமயத்தை அச்சொல்லால் அழைப்பது நியாயமாகாது.

கேள்வி: மெய்யான இராணுவத்தில் விக்கர்கள் உண்டா? (வாசகர், கொழும்பு)

பதில்: உண்டு. 2005இல் ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டபோது உயிரிழந்த நெவாடா தேசியக் காவல்படை வீரர் ஒருவர் விக்கர். அவருடைய நினைவுச்சின்னத்தில், வட்டத்துக்குள் ஐம்முனை நட்சத்திரம் கொண்ட விக்கா சின்னத்தைப் பொறிக்க அமெரிக்க அரசு இசையவில்லை. அவர் மனைவி விடாமல் போராடினார். வழக்குகளுக்குப் பிறகு, 2007 ஏப்ரலில் அரசு அச்சின்னத்தை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: எனக்குச் சினம் அதிகம். சமயம் மாறாமலே இந்தப் பாதையிலிருந்து நான் எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: முடியும். முதலில் ஒரு கதை. மேலே சொன்ன கெர் குஹுலைன் என்ற பெயர், பழைய அயர்லாந்துக் கதைகளின் நாயகனான கூ ஹுலினை நினைவூட்டுவது. ஏழு வயதில் முதற்போர் முடித்து, வெறி தணியாமல், தன் ஊரையே அழித்துவிடும் நிலையில் அச்சிறுவன் திரும்பி வருகிறான். ஊரார் அவனைக் கொல்லவும் இல்லை, விரட்டவும் இல்லை. பிடித்துக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். முதல் தொட்டி வெடித்துச் சிதறுகிறது, இரண்டாவதில் நீர் கொதிக்கிறது, மூன்றாவதில் வெதுவெதுப்பாகிறது. பிறகு அவனுக்கு நீல மேலாடை உடுத்தி அரசனின் காலருகே அமர வைக்கிறார்கள். இக்கதை விக்காவைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. ஆயினும் அதில் இப்பாதையின் சாரம் இருக்கிறது: அந்த ஆற்றல் நாளை ஊருக்கு வேண்டும், ஆகவே அதை அழிக்காமல் ஆற்ற வேண்டும்.

விக்கர்கள் இதற்குச் செய்யும் பயிற்சி எளியது. நிமிர்ந்து அமர்ந்து, மூச்சைச் சீராக்கி, முதுகுத்தண்டிலிருந்து வேர்கள் நிலத்துக்குள் இறங்குவதாகவும், மிகையான வேகம் அவ்வழியே மண்ணுக்குள் வடிவதாகவும் எண்ணுகிறார்கள். சினம் வந்த பிறகு தொடங்கினால் இது கைகொடுக்காது. சினமில்லாத நாள்களிலும் பழகியிருக்க வேண்டும். அறிதல், துணிதல், உறுதிகொள்ளுதல், மௌனம் காத்தல் என்று அவர்கள் சொல்லும் நான்கில், தங்களுக்கு நான்காவதையே முதலில் பரிந்துரைப்பேன். சினம் மூண்ட அன்று யாரிடமும் விளக்கம் சொல்லாமல், எது தூண்டியது, உடலில் அது எங்கே முதலில் தெரிந்தது, எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்று ஓர் ஏட்டில் எழுதுங்கள். பல குழுக்களில் தீட்சைக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் பயில வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது. அந்தக் கால அளவைத் தாங்களும் தங்களுக்குக் கொடுங்கள். முதல் தொட்டி வெடித்த நாளையும் மறைக்காமல் அந்த ஏட்டில் குறித்து வையுங்கள்.