பொக்ஸ்வூட் வேலியைப் புழு தின்றுவிட்டது. பிடுங்கி எறிவதா, காப்பாற்றலாமா?

ரொறன்ரோவில் வாசலோரம் வேலியாக வைத்த, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்க வேண்டிய பொக்ஸ்வூட் செடிகள் வைக்கோல் நிறமாகிவிட்டன, உள்ளே பச்சைப் புழுக்கள் நெளிகின்றன, பிடுங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடமும் யாரோ ஒருவர் வந்து "அண்ணை, இது செத்துப்போச்சு" என்று சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திராது.

பிடுங்காதீர்கள். முதலில் நகத்தால் தண்டின் தோலைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். இலை முழுக்கப் போனாலும் செடி தளிர்க்கும். புழு பட்டையையும் சுற்றிவரத் தின்றுவிட்ட கிளை மட்டும்தான் தேறாது.

எங்கள் வீடு ரொறன்ரோவின் மேற்குப் பகுதியான எற்றோபிக்கோவில். இந்தப் புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகும், ஆங்கிலத்தில் box tree moth என்பார்கள். கிழக்காசியாவிலிருந்து வந்து, 2007இல் ஜேர்மனியில் தலைகாட்டி, ஐரோப்பா எங்கும் பரவிய இந்த அந்துப்பூச்சி, வட அமெரிக்காவில் முதன்முதலில் 2018இல் அகப்பட்டது எங்கள் பக்கத்தில்தான். ஆகவே இந்த விஷயத்தில் நாங்கள் உங்களுக்கெல்லாம் மூத்தவர்கள்.

எங்களுக்குப் புல்லு வெட்ட வந்த கொம்பனிக்காரர் வாகனத்திலிருந்து இறங்காமலே "பங்கஸ்", அதாவது பூஞ்சண நோய், என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாவற்றையும் கிளப்பிவிட்டுப் புதிதாக நட ஒரு விலையும் சொன்னார். அந்தக் காசுக்கு யாழ்ப்பாணம் போய் வரலாம். புதிதாக நடப் போவதும் பொக்ஸ்வூட்தான் என்பதுதான் இதில் வேடிக்கை!

அவர் போனபிறகு செடியை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தேன். மேலே பச்சை, உள்ளே வெறும் ஈர்க்கு. கிளைக்குக் கிளை வலை, வலை முழுக்கப் பச்சைத் தூளாகப் புழுவின் எச்சம். இலைகளில் நடு நரம்பும் விளிம்பும்தான் மிச்சம். புழுவுக்குக் கறுப்புத் தலை, மஞ்சள் கலந்த பச்சை உடம்பு, நீளவாக்கில் கறுப்புக் கோடுகள், ஆங்காங்கே வெள்ளை மயிர். வளர்ந்தது நாலு சென்ரிமீற்றர் வரும். பங்கஸ் வலை பின்னாது. பங்கஸ் நோய் என்றால் தண்டில் கறுப்புக் கீறல்கள் தெரியும், இலைகள் முழுசாக உதிரும். இதைப் பார்க்கக் குனிந்தாலே போதும், அவர் குனியவில்லை.

ஊரில் முருங்கையில் மயிர்க்கொட்டி வந்தால் பந்தம் கொளுத்திக் காட்டுவோம். மாமா தொலைபேசியில் அதைத்தான் சொன்னார். இங்கே அதைச் செய்தால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். நான் கையுறை போட்டுக்கொண்டு அகப்பட்ட புழுவையெல்லாம் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். மிச்சத்துக்கு பி.ரி.கே அடித்தேன்.

பி.ரி.கே (Btk) என்பது ஒரு பக்ரீரியா. புழு அதைத் தின்றால் குடல் கெட்டுச் சாப்பாட்டை நிறுத்தும், சில நாளில் சாகும். தின்றால்தான் வேலை செய்யும் என்பதால் மேலோட்டமாகத் தெளித்துப் பயனில்லை, செடியைப் பிரித்து உள்ளேயும் இலையின் அடியிலும் நனைய அடிக்க வேண்டும். வெயிலில் சக்தி போய்விடும், அதனால் பின்னேரம் நல்லது. குட்டிப் புழுவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். எங்கள் பக்கத்தில் மே நடுப்பகுதியிலிருந்து ஒரு தரம், அடுத்த தலைமுறைக்கு ஜூலைப் பின்பகுதியில் ஒரு தரம். செப்ரெம்பரில் குட்டிகள் தெரிந்தால் திரும்பவும்.

"மருந்தா? மொனார்க் வண்ணத்துப்பூச்சி என்னாகும்?" என்று கேட்க ஆட்கள் வருவார்கள், தெரியும். பி.ரி.கே தேனீயை ஒன்றும் செய்யாது. மொனார்க் புழுவுக்கு ஆபத்துத்தான், ஆனால் அது பொக்ஸ்வூட்டைத் தின்பதில்லை. பக்கத்தில் மொனார்க் புழு தின்னும் மில்க்வீட் செடி இருந்தால் காற்றில்லாத நேரம் பார்த்து அடியுங்கள். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலான இரசாயன மருந்துகளை 2009இலேயே தடைசெய்துவிட்டார்கள். இது அந்தத் தடைக்குள் வராது. பறவை தின்னட்டும் என்றும் விட முடியாது. பொக்ஸ்வூட் இலையில் இருக்கும் நச்சைப் புழு தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது.

நான் விவசாயம் படித்தவன் இல்லை. ஆனால் அந்த வேலி இன்றைக்கும் நிற்கிறது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாரும் அதைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: "இதில என்ன காய்க்கும்?" கத்தரி, மிளகாய், பாவற்காய் என்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். காய்க்காத செடி என்றால் அவர்களுக்கு அது குப்பை. பனிக்காலத்தில் மாதக்கணக்காகத் தெருவே மொட்டையாகக் கிடக்கும்போது பச்சையாக நிற்பது இது ஒன்றுதான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அதே ஆட்கள்தான் முன்வளவு முழுக்கக் கொங்கிறீற் போட்டு நாலு கார் விடுகிறார்கள். அப்புறம் மழைக்கு பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று மாநகரசபையைத் திட்டுகிறார்கள். சரி, விடுங்கள்.

புழு போனபிறகு செடியைத் தேற்றுவது பெரிய வித்தை இல்லை. காய்ந்த நுனிகளை உயிருள்ள இடம் வரைக்கும் வெட்டுங்கள், ஆனால் இலையுதிர் காலத்தில் வேண்டாம். புதுத் தளிர் வந்தால் குளிரில் கருகும். வேர் மேலாகவே ஓடுவதால் அடியில் கிண்டாமல் மரத்தூள் பரப்பி, மண் ஊறத் தண்ணீர் விடுங்கள். உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். சில வாரத்தில் மொட்டைத் தண்டில் குண்டூசித் தலை அளவு மொட்டுகள் வரும்.

வெட்டியதைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுங்கள். பின்வளவு உரக் குவியலில் போட வேண்டாம். மொன்றியலில் இருக்கும் அக்கா ஒரு கன்று கேட்டாலும் கொடுக்காதீர்கள், கனேடிய உணவுப் பரிசோதனை முகவரகம் கட்டுப்படுத்தும் பூச்சி இது. குட்டிப் புழுக்கள் இரண்டு இலையை நூலால் தைத்து, அதற்குள் பனிக்காலத்தைக் கழிக்கும். ஏப்ரலில் அப்படி ஒட்டிய இலைகளைத் தேடிப் பிடுங்கினால் மே மாத வேலை பாதி குறையும்.

இலையில் கொப்புளம் இருந்து, பிரித்தால் உள்ளே செம்மஞ்சள் புழு இருந்தால் அது வேறு பூச்சி, ஒரு சின்ன ஈயின் புழு. அதற்கு பி.ரி.கே கேட்காது. மே மாதம் ஈயாகிப் பறக்க முன்னர் அந்தக் கிளைகளை வெட்டிவிடுங்கள்.